நசுங்கின ஃபெல்ட் தொப்பி, ஒடிஞ்ச ஃபாஸினேட்டர், வைக்கோல்னு நம்பி வாங்கின இன்னொண்ணு

கெட்டுப்போன மூணு தொப்பியைச் சரி பண்ணிப் பாத்தேன், ரெண்டு தேறிடுச்சு, ஒண்ணு தேறல. தேறினதுல முதலாவது காப்பிக்கொட்டை கலர் ஃபெடோரா தொப்பி, கம்பளி ஃபெல்ட்டுல (முடிய நெய்யாம சிக்க வச்சு அமுக்கின கெட்டித் துணி) செஞ்சது, சேரிட்டி ஷாப்ல (பழைய சாமான் விக்கிற தர்மக் கடை) 4 பவுண்டு. யாரோ மேல உக்காந்திருப்பாங்க போல, மண்டைப் பகுதி (கிரவுன்) அமுங்கி, சுத்தி வர்ற விளிம்பு (பிரிம்) ஒரு பக்கம் தொங்கி, உள்பட்டையில வேர்வை உப்பு வெள்ளையா பூத்து, போதாக்குறைக்கு பிரிம்ல அந்துப்பூச்சி அரிச்ச ஓட்டை ஒண்ணு. ரெண்டாவது ஃப்ரெண்டோட நேவி ப்ளூ ஃபாஸினேட்டர் (விசேஷத்துக்கு தொப்பிக்குப் பதிலா பொண்ணுங்க தலையில வச்சுக்கிற இறகு அலங்காரம்), சூட்கேஸ்ல நசுங்கினது. தேறாதது க்ரீம் கலர் ஸ்ட்ரா தொப்பி, அதையும் கடைசில சொல்றேன், ஏன்னா அதுலதான் நிறைய கத்துக்கிட்டேன்.

நாங்க இருக்கிறது லூட்டன்ல, லண்டனுக்கு வடக்க. 17ம் நூற்றாண்டுலேர்ந்து கோதுமை வைக்கோலப் பின்னி தொப்பி செஞ்ச ஊர், பின்னாடி ஃபெல்ட் தொப்பிக்கும் மாறினாங்க, இந்த ஊர் ஃபுட்பால் டீமோட செல்லப்பேரே ஹேட்டர்ஸ், அதாவது தொப்பிக்காரங்கதான். அதனாலயோ என்னவோ இங்க சேரிட்டி ஷாப் ரேக்குல எப்பவும் நாலு தொப்பி கிடக்கும், நம்ம ஆளுங்க யாரும் திரும்பிக்கூட பாக்கமாட்டாங்க. நான் ப்ளவுஸ் தைக்கிற ஆளு, ஊசி நூல் பழக்கம் உண்டு, அவ்ளோதான் தகுதி.

முதல் வேலை ஃப்ரீசர். பூச்சி அரிச்ச பொருளை நேரா வீட்டுக்குள்ள கொண்டு வந்து பீரோல வச்சா பட்டுப்புடவைக்கும் சேத்து ஆப்பு. அந்துப்பூச்சியோட புழு கெரட்டின் மாதிரி விலங்குப் புரதம் இருக்கிறதத்தான் திங்கும், கம்பளி, முயல் முடி, இறகு, பட்டு எல்லாம் அதுக்கு சாப்பாடு. ஃபாஸினேட்டர்ல வர்ற சினமே துணிய மட்டும் தொடாது, ஏன்னா அது அபாக்கா நார், ஃபிலிப்பைன்ஸ்ல வளர்ற வாழைக் குடும்பத்து மரம், நம்ம வாழைநாருக்கு சொந்தக்காரன்னு வச்சுக்கோங்க. ஆனா அதுல ஒட்டியிருக்கிற இறகைத் திங்கும். அதனால ஃபெல்ட் தொப்பியையும் இறகு வச்ச ஃபாஸினேட்டரையும் தனித்தனியா கவர்ல காத்து இல்லாம கட்டி மைனஸ் 18 டிகிரில ரெண்டு வாரம் வச்சேன், பரோட்டா பாக்கெட்டுக்கும் தேங்காத்துருவலுக்கும் நடுவுல. வெளிய எடுத்ததும் கவரைப் பிரிக்கக்கூடாது. உள்ள இருக்கிறது ரூம் சூட்டுக்கு வந்தப்புறம்தான் பிரிக்கணும், இல்லன்னா ஈரம் முழுக்க தொப்பி மேல படியும். கவர் மூடியிருந்தா அந்தத் தண்ணி கவருக்கு வெளியதான் முத்து முத்தா நிக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் அசால்ட்டா எடுத்துக்காதீங்க. ரொம்பப் பழைய முயல் முடி ஃபெல்ட் தொப்பில பாதரசம் இருக்கலாம். அந்தக் காலத்துல முடி ஒண்ணோட ஒண்ணு சிக்கிப் பிடிக்கணும்னு மெர்குரி நைட்ரேட் தடவுவாங்க, அந்தப் புகைய சுவாசிச்ச தொழிலாளிங்களுக்குக் கை நடுங்கி புத்தியும் தடுமாறியிருக்கு. அமெரிக்காவுல 1941லதான் அதை நிறுத்தினாங்க. தாத்தா காலத்து தொப்பி கிடைச்சா அதை ஆவில காட்டுறது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது ரெண்டும் வேணாம், கண்ணாடிப் பெட்டில வச்சு அழகு பாருங்க. என்னோடதுல பாலியெஸ்டர் லைனிங், நூறு சதவீதம் வுல்னு லேபிள், துவைக்கிற குறியீடு எல்லாம் இருந்துச்சு, சமீபத்துதுதான், அதனால தைரியமா இறங்கினேன்.

பிரிக்கறதுக்கு முன்னாடி எல்லாப் பக்கமும் ஃபோட்டோ எடுத்து, முன்பக்கம் நடுவுல சிவப்பு நூல்ல ஒரு தையல் அடையாளம் போட்டேன். லைனிங், உள்பட்டை, வெளி ரிப்பன் மூணையும் தையல் பிரிச்சு எடுத்தாச்சு. ரிப்பன் பசை போட்டு ஒட்டியிருந்துச்சு, அது போன இடமெல்லாம் பளபளன்னு தழும்பு. புது ரிப்பன் அதே இடத்துல வரப்போறதால விட்டுட்டேன்.

அழுக்குக்கு முதல்ல மெத்துன்னு ஒரு பிரஷ், இடஞ்சுழியா, முடி படுக்கிற போக்குலயே. எண்ணெய் இறங்கின இடத்துக்கு முல்தானி மெட்டி. இங்க ஃபுல்லர்ஸ் எர்த்னு விக்கிறதும் அதேதான், இந்தியன் கடையில பாதி விலை. கனமா தூவி ராத்திரி முழுக்க விட்டு காலைல தட்டினா எண்ணெய இழுத்திருக்கும். இழுத்துச்சு, ஆனா ப்ரவுன் ஃபெல்ட்டுல மஞ்சளா ஒரு புகை படிஞ்சு நின்னுச்சு, பிரஷ்ஷுக்கு அசையல. வேக்குவம் க்ளீனர் வாயில பழைய ஸ்டாக்கிங்ஸ மாட்டி மெதுவா இழுத்தப்புறம்தான் போச்சு. கறுப்பு தொப்பின்னா நான் இதைப் பண்ணமாட்டேன். உப்புக் கறைக்கு ஈரத்துணி வச்சு ஒத்தி ஒத்தி எடுத்தேன், தேய்ச்சா ஃபெல்ட் முடி எழும்பிக்கும்.

இப்ப மெயின் விஷயம், அச்சு. தொப்பிக்காரங்க மரத்துல மண்டை அளவுக்கு ப்ளாக் வச்சிருப்பாங்க, புதுசா வாங்கப்போனா இந்த மாதிரி தொப்பி இருபது வாங்கலாம். என் வீட்டுக்காரர் தலைச்சுற்று 57 செ.மீ. 57ஐ 3.14ஆல வகுத்தா 18 செ.மீ., கரெக்டா அந்த விட்டத்துல அரிசி போட்டு வைக்கிற எவர்சில்வர் டப்பா இருந்துச்சு, அதையே கவுத்துப்போட்டு தொப்பிய மாட்டி ஆவி காட்டி காய வச்சேன். அழகா வந்துச்சு, அவர் தலையில வச்சா நெத்தியில இறுக்குது, ரெண்டு காதுக்கு மேல விரல் போற அளவு சந்து. டப்பா ரவுண்டு, மனுஷன் தலை ரவுண்டா என்ன? முன்னுக்குப் பின்ன 20 செ.மீ. நீளம்னா அகலம் 16தான் வரும், சுற்றளவு அப்பவும் அதே 57. அதனால பார்சல் வந்த தெர்மாகோல் தாள்ல அந்த அளவுக்கு முட்டை வடிவம் வெட்டி, ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டி 12 செ.மீ. உயரத்துக்கு ஏத்தி, மேல் ஓரத்தை பிரெட் கத்தியால உருட்டி, பழைய டவல் ஒண்ணை இழுத்துச் சுத்தி, அதுக்கு மேல க்ளிங் ஃபிலிம். டவல் சுத்தினதும் அளவு கூடிடும், அதுக்குத் தகுந்த மாதிரி தெர்மாகோலை முன்னாடியே சின்னதா வெட்டிக்கணும், டேப் வச்சு டவலோட சேத்து 57 வருதான்னு பாத்துக்கணும்.

ஆவிக்கு இட்லிப் பானை. கெட்டில் மூக்குல வர்ற ஆவி ஒரே இடத்துல குத்தும், தண்ணி கொதிச்சதும் அதுவா ஆஃப் வேற ஆயிடும். இட்லிப் பானைல தட்டை எடுத்துட்டு பாதிக்குக் கீழ தண்ணி விட்டுக் கொதிக்க வச்சா அகலமா மேல வரும், தொப்பிய ஒரு சாண் உயரத்துல கவுத்துப் பிடிச்சா உள்ள முழுக்க ஏறும். சூடு தாங்குற கிச்சன் க்ளவுஸ் போடாம செய்யாதீங்க, ஆவிச் சூடு தெரியறதுக்குள்ள தோல் போயிடும். ஃபெல்ட் சூடாகி ஈரம் ஏறினதும் கையில தெரியும், விறைப்பு போய் தொளதொளன்னு ஆயிடும். அந்த நேரம் ரொம்பக் கம்மி, சட்டுனு அச்சு மேல போட்டு ரெண்டு கையாலயும் கீழ இழுத்து, அடியில காட்டன் நாடாவால இறுக்கிக் கட்டி, மரக்கரண்டி விளிம்பால நாடாவை பிரிமும் கிரவுனும் சேர்ற கோடு வரைக்கும் தள்ளணும். அமுங்கின இடத்துக்கு கெட்டில் ஆவிய மட்டும் திரும்பக் காட்டி விரலால நீவினேன். கிரவுன் நடுவுல வர்ற பள்ளத்தை சூடு இருக்கும்போதே கையால போட்டு ஆறுற வரைக்கும் பிடிச்சுக்கிட்டேன், க்ளிப் போட்டா பல் தடம் பதிஞ்சிடும்.

அப்புறம் தொடக்கூடாது. ஒரு நாள் முழுக்க. ஹீட்டர் பக்கத்துல வச்சா சீக்கிரம் காயும்னு தோணும், வைக்காதீங்க, ஈரமும் சூடும் சேந்தா கம்பளி சுருங்கும், அளவு போயிடும். சூட்டோட அச்சுலேர்ந்து கழட்டினாலும் பழைய கோணலுக்கே திரும்பிடும். ஃபெல்ட் வேலைல பாதிக்கு மேல காய விடுறதுதான், இதை யாரும் முன்னாடி சொல்லமாட்டாங்க.

பிரிம் வேற கதை. பழைய வேட்டித் துணிய நனைச்சுப் பிழிஞ்சு மேல போட்டு அயர்ன் பாக்ஸ வச்சு வச்சு எடுக்கணும், சட்டைக்கு ஓட்டற மாதிரி ஓட்டினா பிரிம் இழுபட்டு அலை அலையா போயிடும். அதுக்கப்புறமும் கொஞ்சம் தொங்குச்சு. அந்தக் காலத்துல விறைப்பு ஏத்த அரக்கைத்தான் ஸ்பிரிட்ல கரைச்சு அடிப்பாங்க, நம்ம ஊர் ஆசாரிங்க மரத்துக்கு பாலிஷ் போடுற அதே அரக்கு. நான் பிவிஏ பசைய (ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை) ஒண்ணுக்கு நாலு தண்ணி விட்டு பிரிமோட அடிப்பக்கம் மட்டும் ஸ்பான்ஜால ஒத்தினேன். உள்பட்டைக்குக் கீழ மறையுற இடத்துல முதல்ல தடவி காயவச்சுப் பாத்துட்டுத்தான், ஏன்னா கெட்டியா இருந்தா வெள்ளைத் திட்டு விழுந்துடும்.

அந்த ஓட்டை இருக்கே, இதுதான் எனக்குப் பிடிச்ச வேலை. கிரவுனுக்கு ஒரு விரல் தள்ளி, 3 மி.மீ. இருக்கும், வெளிச்சத்துல பிடிச்சா நட்சத்திரம் தெரியுது. ஒட்டுப்போட வேற ஃபெல்ட் வாங்கினா கலர் சேராது. அதே தொப்பிலயே உள்பட்டைக்குப் பின்னாடி மறைஞ்ச இடத்துல 400 நம்பர் உப்புத்தாளால லேசா சுரண்டினா மூக்குப்பொடி அளவுக்கு முடி கிடைக்கும், அதை விரல்ல உருட்டி ஓட்டையில வச்சு, அடியில தடிமனா ஸ்பான்ஜ் கொடுத்து, ஃபெல்டிங் ஊசியால குத்தணும். அந்த ஊசிக்கு உடம்புல சின்னச் சின்ன கொக்கி உண்டு, குத்தும்போது முடிய இழுத்துக்கிட்டு கீழ போய் சுத்தி இருக்கிற ஃபெல்ட்டோட சிக்க வைக்கும். நேரா குத்தி நேரா எடுக்கணும், சாய்ச்சா டக்குனு ஒடியும், ஒண்ணு ஒடிஞ்சு முனை ஸ்பான்ஜுக்குள்ளயே போயிடுச்சு. மேலயும் கீழயும் மாத்தி மாத்திக் குத்தி, அடியில ஒரு சொட்டு துணிப் பசை, ஈரத்துணி வச்சு அயர்ன், துருத்திக்கிட்டு நின்ன முடிய ரேஸரால சீவினேன். தடவிப் பாத்தா தெரியுது. பாத்தா தெரியல.

ரிப்பனுக்கு பீட்டர்ஷம்தான் வேணும், சாட்டின் ரிப்பன் ஆகாது. பீட்டர்ஷம் ஓரத்துல பொடிப் பொடியா பல் இருக்கும், காட்டன் கலந்ததா இருந்தா ஈரமாக்கி அயர்ன் பண்ணும்போது ஒரு பக்கம் வளைச்சு இழுத்தா வில்லா வளைஞ்சு நிக்கும், கிரவுன் மேல போகப்போக சரியுதில்லையா, அந்தச் சரிவுக்கு அப்பத்தான் சுருக்கமில்லாம உக்காரும். ஒன்றரை மீட்டர் 2.70 பவுண்டு. உள்பட்டைக்கும் அதையே போட்டுட்டேன், அதுக்கு அரை மீட்டருக்கு கொஞ்சம் மேல, மீதி வெளிய சுத்தறதுக்கும் போவுக்கும் சரியா இருந்துச்சு. எல்லாமே தையல். வெளிய கண்ணுக்குத் தெரியாத குட்டித் தையல், உள்ள நீளமா. நீளமா மெலிசா தொப்பி தைக்கன்னே ஊசி விக்கிறாங்க, ப்ளவுஸ் ஊசில ஃபெல்ட்ட தைச்சா விரல்தான் வலிக்கும்.

இனி ஃபாஸினேட்டர். கூட வேலை பாக்கிற பொண்ணு, அதான் அந்த ஃப்ரெண்டு, ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டுப் போகணும்னு கொண்டு வந்தா.

"அக்கா, இது தேறுமா, இல்ல புதுசு வாங்கிரவா?"

"புதுசு எவ்ளோடி?"

"நாப்பதாம்கா."

"வச்சுட்டுப் போ, பாக்கலாம். கல்யாணம் என்னைக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

அடியில 9 செ.மீ. சினமே வட்டம், மேல அகலமா ஒரு சினமே தட்டு, அதுல ரெண்டு வளையம், சேவல் இறகுக் கொத்து, நீளமா ஒரு ஒத்தை இறகு, முன்னாடி கொஞ்சம் வலை. ராயல் அஸ்காட் குதிரைப் பந்தயத்துல ராயல் என்க்ளோஷர்ங்கிற விஐபி பகுதிக்குள்ள 2012லேர்ந்து ஃபாஸினேட்டரே கூடாது, தலையில வைக்கிறதோட அடித்தட்டு 10 செ.மீ.யாவது இருக்கணும்னு ரூல், இந்த அம்மணி ஒரு செ.மீ.ல ஃபெயில். நம்மது ரெஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம், யாரும் ஸ்கேல் வச்சு அளக்கப்போறதில்ல.

எல்லாமே க்ளூ கன் வேலை, அடியில பசை மலை மலையா நிக்குது, அதுவும் பாதி விட்டுப்போச்சு. சினமேயும் இறகும் க்ளூவ சரியா பிடிக்காது, ஆடுற பொருளுக்கு தையல்தான். பழைய பசைய எடுக்க ஸ்பிரிட்டை ஓரத்துல விட்டா உரிஞ்சு வரும், ஆனா அடி இறகு ஒண்ணுல பஞ்சால தொட்டுப் பாத்தா நீலம் அப்படியே பஞ்சுல இறங்குது. அந்த வழி வேணாம்னு மறுபடி ஃப்ரீசர், ஜில்லுன்னு ஆனதும் பசை விறைச்சுப்போகும், ட்வீஸரால நெம்பினா டப்பு டப்புன்னு தெறிச்சு வந்துடுச்சு.

தட்டோட ஓரத்துக் கம்பி ரெண்டு இடத்துல மடங்கியிருந்துச்சு. மடங்கின கம்பி திரும்ப வழவழன்னு வளையவே வளையாது, எவ்ளோ நீவினாலும் அந்த மூலை காட்டிக்கொடுக்கும், அதனால கழட்டிப் போட்டுட்டு தொப்பிக்குன்னே வர்ற நூல் சுத்தின மில்லினரி கம்பி, 3.50 பவுண்டு, புதுசா போட்டேன். சுருளா வர்றதால முதல்ல கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல விட்டு நீவி அதோட துள்ளலைக் குறைக்கணும். நுனி ரெண்டும் பின்பக்கம் வர்ற மாதிரி 4 செ.மீ. ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி, நுனில துணி டேப் சுத்தினேன், இல்லன்னா தலையில குத்தும். கம்பி தைக்கறதுக்கு முன்னாடி தட்டை லேசா ஆவில காட்டி கவுத்த கிண்ணத்து மேல போட்டு குண்டூசி குத்தினேன், ஆவி கொஞ்சம் கூடிப்போச்சு, சினமேல இருந்த கஞ்சியெல்லாம் இளகி நமத்துப்போன அப்பளமா தொங்கிடுச்சு. அப்படியே கிண்ணத்து மேலயே காய விட்டு, ஒண்ணுக்கு மூணு தண்ணி விட்ட பிவிஏவ ரெண்டு பக்கமும் மெலிசா பிரஷ் பண்ணி, நெசவுக் கண்ணு அடைபடாம டிஷ்யூ வச்சு ஒத்தி எடுத்தேன். காய்ஞ்சதும் முன்னைய விட விறைப்பு. ஓரத்தை மறைக்க சினமே பட்டை, குறுக்கால 45 டிகிரில வெட்டினது. நேர் நூலுக்கு வெட்டினா வட்டத்துல திரும்பவே திரும்பாது, ப்ளவுஸ் கழுத்துக்கு பைப்பிங் வெட்டுறவங்களுக்கு இதை சொல்லத் தேவையில்ல.

கசங்கின இறகுக்கு கெட்டில் ஆவி சில நொடி, அப்புறம் அடியிலேர்ந்து நுனிக்கு விரலால நீவி விட்டா பிரிஞ்சு கிடந்த இழை எல்லாம் ஜிப் போட்ட கணக்கா சேந்துக்கும், அந்த இழைங்கள்ல கண்ணுக்குத் தெரியாத கொக்கி இருக்கிறதாலதான். ஒத்தை இறகு நடுத்தண்டுல ஒடிஞ்சிருந்துச்சு. பின்பக்கத்துப் பள்ளத்துல மணி கோக்கிற மெல்லிசு கம்பிய 3 செ.மீ. படுக்க வச்சு, ஒடிஞ்ச இடத்துக்கு அங்கிட்டும் இங்கிட்டும் நேவி நூலால சுத்தி ஒரு துளி பசை. இறகுக்கு ஸ்ப்ளின்ட் போட்டது நானாத்தான் இருப்பேன்னு நினைச்சேன், கேட்டா தொப்பிக்காரங்க எல்லாரும் இப்படித்தான் பண்றாங்களாம்.

வலை நைலான், அயர்ன் பட்டா உருகிடும், தள்ளி நின்னு ஆவி மட்டும். பழைய சீப்பு தலையில நிக்கவே இல்லைன்னு அவ சொன்னதால ஹேர்பேண்டுக்கு மாத்தினேன், மொட்டை ப்ளாஸ்டிக்ல தைக்க முடியாது, முதல்ல ரிப்பனை இறுக்கிச் சுத்திட்டு அந்த ரிப்பன்ல ஊசிய விட்டு வட்டத்தோட சேத்துத் தைக்கணும். கல்யாணத்துல டான்ஸ் வேற ஆடியிருக்கா, அசையலையாம்.

ஸ்ட்ரா தொப்பிக்கு வருவோம். மூணு பவுண்டு, கிரவுன்ல மடிப்பு விழுந்து ஒரு விரக்கடை கிழிசல். நிஜ வைக்கோல்னா காஞ்ச நிலைல வளைச்சா ஒடியும், ஈரமாக்கினாத்தான் வளையும். அதை நம்பி ஸ்ப்ரே பாட்டில்ல நல்லா தண்ணி அடிச்சு அச்சுல இழுத்தேன், கிழிசல் பொறுமையா கிரவுனைச் சுத்தி நடந்து போச்சு. பாத்தா அது வைக்கோலே இல்ல, முறுக்கின பேப்பர். மறைவான இடத்துல ஒரு இழைய உருவி நனைச்சு விரல்ல பிரிச்சா பேப்பர்னா நாடாவா பிரிஞ்சுடும், வைக்கோல்னா பிரியாது, இந்த சோதனைய தண்ணி அடிக்கறதுக்கு முன்னாடி பண்ணணும். பேப்பரும் கம்ப்ளீட்டா வீண் கிடையாது, உள்பக்கம் மெலிசா கொசுவலைத் துணி வச்சு இழைய சேத்துத் தைக்கலாம், ஆனா என்னோடது அந்த நிலைமையத் தாண்டிடுச்சு. ரிப்பனை மட்டும் அவுத்து வச்சுக்கிட்டேன்.

செலவு: ரிப்பன் 2.70, ஃபெல்டிங் ஊசி 3, கம்பி 3.50, சினமே துண்டு 2.50, ஹேர்பேண்ட் 1.50, மொத்தம் 13.20. தொப்பி ரெண்டும் 7. ஆக 20.20 பவுண்டு. பசை, நூல், முல்தானி மெட்டி வீட்ல இருந்தது. அடுத்த தடவை முட்டை அச்சை 55, 57, 59னு மூணு அளவுல முதல்லயே செஞ்சு வச்சுக்குவேன், சினமேக்கு இட்லிப் பானை கிடையாது, கெட்டில் ஆவி தள்ளி நின்னு காட்டினாலே போதும், ஃபெல்டிங் ஊசி மெலிசு நம்பர் கூட ரெண்டு வாங்குவேன். தொப்பிய எப்பவும் பிரிம்ல உக்கார வைக்காம தலைகீழா, கிரவுன் அடியில வர்ற மாதிரி வையுங்க, உள்ள டிஷ்யூ பேப்பர் திணிச்சு.

ஃபெடோராவை அவர் இப்ப ஆபீசுக்கே போட்டுக்கிட்டுப் போறார். அதைப் பாத்துட்டு அவர் கூட வேலை பாக்கிறவர் அவங்க தாத்தாவோட பவுலர் தொப்பிய கொடுத்து விட்டிருக்கார், ஓடு மாதிரி கெட்டி, விளிம்புல ஒரு விரிசல். எந்த வருஷத்துதுன்னு அவருக்கே தெரியல, உள்ள லேபிளும் இல்லியாம். கவரைக்கூட பிரிக்காம திருப்பி அனுப்பிட்டேன்.